திரையில் ஒரு சாண், துணியில் இரண்டு விரல்

இந்த மாதப் பாடம்: கம்ப்யூட்டரில் டிசைன் போடும்போது உண்மையான அளவை அறிவது எப்படி?



நம் கூட்டமைப்பில் உள்ள பல குழுக்கள் துணிப்பை தைக்கின்றன. சில குழுக்கள் பனை ஓலைக் கூடை பின்னுகின்றன. இன்னும் சில குழுக்கள் ஊறுகாய், பொடி வகைகள், தேன் என்று பாக்கெட் போட்டு விற்கின்றன. பொருள் எதுவானாலும் இன்றைக்கு அதில் ஒரு படம், ஒரு பெயர், ஒரு லேபிள் இல்லாமல் சென்னையில் விற்க முடியாது. அந்தப் படத்தையும் பெயரையும் கம்ப்யூட்டரில்தான் போடுகிறோம். டி.டி.பி. சென்டரில் போடுகிறோம், அல்லது படித்த பிள்ளைகள் போனிலேயே போட்டுத் தருகிறார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. திரையில் பார்க்கும்போது எல்லாம் அழகாக, அளவாக இருக்கிறது. அச்சாகி வந்த பிறகு எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, அல்லது படம் பையின் ஓரத்தில் மடிந்துபோகிறது. "கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே இருந்துச்சு?" என்ற கேள்வியைப் பல ஊர்களில் கேட்டுவிட்டோம்.

இதில் நஷ்டப்படுவது குழுவின் பணம். துணி வாங்க உள்கடன் எடுத்திருப்போம். ஆர்டர் தள்ளிப்போனால் தவணை தள்ளிப்போகும். ஆகவே இதைத் தெரிந்துகொள்வது கம்ப்யூட்டர் படித்தவர்கள் வேலை என்று ஒதுங்க வேண்டாம். ஸ்கேலும் கத்தரிக்கோலும் பிடிக்கத் தெரிந்த எல்லோருக்கும் இந்தப் பாடம் புரியும்.

துணிப்பைக்கு இப்போது வந்திருக்கும் தேவை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. அதிலிருந்து கல்யாணத் தாம்பூலப் பை, கடைப் பை, கோயில் பிரசாதப் பை என்று துணிப்பைக்குக் கேட்பு கூடியிருக்கிறது.

நம்மில் பலர் செங்கல்பட்டுப் பக்கமிருந்து மின்சார ரயிலில் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெரு வழியாகத் தி.நகர் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோகிறோம். நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டம் அருகே உள்ள அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் குழுப் பொருட்களுக்குக் கண்காட்சி நடக்கும்போது அங்கேயும் ஸ்டால் போடுகிறோம். மயிலாப்பூரில் நவராத்திரி வந்தால் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மை. அங்கே வாங்க வருபவர்களைக் கவனித்துப் பாருங்கள். பொம்மையைக் கையில் எடுத்துச் சாண் போட்டுப் பார்த்து, "எங்க வீட்டுப் படிக்கு இது உயரமா இருக்கும்" என்று சொல்லிக் கீழே வைப்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் அளவு தவறுவதில்லை. திரையில் பார்க்கும்போதுதான் தவறுகிறது. அது ஏன் என்று பார்ப்போம்.

புள்ளிக் கோலமும் கம்ப்யூட்டர் படமும்

உங்களிடம் ஒருவர் வந்து, "15 புள்ளி 15 வரிசைக் கோலம் எவ்வளவு பெரியது?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு இடைவெளி விடறீங்க?" என்றுதானே திருப்பிக் கேட்பீர்கள்.

இடைவெளி அரை அங்குலம் என்றால் அந்தக் கோலம் 7 அங்குலம். தாம்பாளத் தட்டிலேயே போட்டுவிடலாம். இடைவெளி 2 அங்குலம் என்றால் அதே கோலம் 28 அங்குலம். அதற்கு வாசல் வேண்டும். புள்ளி எண்ணிக்கை ஒன்றுதான், கோலமும் ஒன்றுதான். அளவு மட்டும் நான்கு மடங்கு மாறிவிட்டது.

கம்ப்யூட்டரில் உள்ள படமும் புள்ளிக் கோலம்தான். ஒரு போட்டோவை ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான சின்னப் புள்ளிகளாகவே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறது. இந்தப் புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். திரையிலும் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு திரையிலும் புள்ளிகளின் நெருக்கம் வேறு வேறு. போனில் மிக நெருக்கமாக இருக்கும், டி.வி.யில் அகலமாக இருக்கும். ஆகவே ஒரே படம் ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு அளவில் தெரியும்.

தறி தெரிந்தவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா, பின்னாளில் திருவான்மியூருக்கு இடம் மாறியது. நடனத்தோடு கைத்தறி நெசவையும் வளர்த்த இடம் அது. கரையில் பூ வைத்து நெய்ய வேண்டுமென்றால் நெசவாளர்கள் டிசைனைக் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள். தாளில் பூ பெரியதாகத் தெரியும். சேலையில் அது எவ்வளவு பெரியதாக வரும் என்பதைத் தாள் சொல்லாது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதுதான் சொல்லும். முரட்டு நூலில் நெய்தால் பூ பெரியது. மெல்லிய நூலில் நெருக்கி நெய்தால் அதே பூ சிறியது.

இதிலிருந்து நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. திரை நமக்கு உருவத்தைக் காட்டும். அளவைக் காட்டாது. அளவைச் சொல்ல ஸ்கேல் வேண்டும்.

'100 சதவீதம்' என்றால் நிஜ அளவா?

டி.டி.பி. சென்டரில் கேட்டால், "100 பர்சன்ட்ல வெச்சுப் பாருங்கக்கா, அதான் ஒரிஜினல் சைஸ்" என்று சொல்வார்கள். பல சமயம் இது சரியாக வராது.

விண்டோஸ் கம்ப்யூட்டர் பொதுவாக ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதன்படி 10 செ.மீ. பூவுக்கு ஏறக்குறைய 378 புள்ளி. இந்த 378 புள்ளியும் எந்தத் திரையில் எவ்வளவு நீளம் வரும் என்று பாருங்கள். திரையைப் பெரிதாக்கிக் காட்டும் செட்டிங் எதுவும் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

- 15.6 அங்குல லேப்டாப்பில் (குறுக்கே 1920 புள்ளி உள்ளது): ஏறக்குறைய 7 செ.மீ.
- 32 அங்குல டி.வி.யில் (அதே 1920 புள்ளி): ஏறக்குறைய 14 செ.மீ.

ஒரே பூ, ஒரே 100 சதவீதம். ஒன்றில் 7, மற்றொன்றில் 14. நாம் கேட்டதோ 10! போனில் கேட்கவே வேண்டாம். படம் முழுவதையும் போன் தன் திரைக்குள் அடக்கிக் காட்டிவிடும். விசிட்டிங் கார்டும் போன் அகலம்தான், கல்யாண பேனரும் போன் அகலம்தான்.

இதனால் இரண்டு வகையான ஏமாற்றம் வருகிறது.

ஒன்று, சின்னப் பொருள் பெரியதாகத் தெரியும். லேபிள், முத்திரை, பையில் போடும் சின்னம் இவற்றைத் திரை நிறையப் பெரிதாக்கி வைத்து வேலை செய்கிறோம். அச்சில் வந்ததும் குட்டியாகிவிடுகிறது.

இரண்டு, பெரிய பொருள் சிறியதாகத் தெரியும். 6 அடி நீளத் துணிப் பேனரைப் போன் திரையில் 7 செ.மீ.க்குள் பார்க்கிறோம். அதாவது 26 மடங்கு சுருக்கிப் பார்க்கிறோம். 3 அங்குல எழுத்து அதில் 3 மி.மீ.தான் தெரியும். "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு, பெருசு பண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் படத்துக்கே இடமில்லாமல் போகும்.

ஒரு குழுவில் நடந்தது

குழுவின் பெயர் வேண்டாம். மயிலாப்பூரில் ஒரு கல்யாண வீட்டார் இந்தக் குழுவிடம் 300 தாம்பூலப் பை கேட்டார்கள். பை 9 அங்குல அகலம், 11 அங்குல உயரம். பையில் கபாலீஸ்வரர் கோயில் கோபுரம், கீழே மணமக்கள் பெயர், தேதி. ஊக்குநரின் மகள் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள். லேப்டாப்பில் கோபுரத்தை அருமையாக வரைந்தாள். ஒவ்வொரு நிலையும், அதிலுள்ள சிற்பங்களும் தெரிந்தன. போனில் அனுப்பினார்கள். கல்யாண வீட்டு அம்மாவும் "ரொம்ப நன்னா இருக்கு" என்று பதில் போட்டுவிட்டார்.

ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு ஃபிலிம் எடுத்து, ஸ்கிரீனும் தயாரானது. முதல் 20 பை அடித்து உலர்த்தியபோது குழுவில் வயதில் மூத்த பாட்டி ஒரு பையை எடுத்துப் பார்த்தார். "ஏம்மா, இது கோபுரமா, கரிக்கட்டையா?" என்று கேட்டார். எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். கோபுரம் கறுப்புத் திட்டாக இருந்தது. பெயரைக் கண் அருகே வைத்தால்தான் படிக்க முடிந்தது. நல்லவேளை, 20-லேயே நிறுத்தினார்கள். ஆனாலும் ஸ்கிரீன் வீண், 20 பை வீண், ஒரு நாள் வேலை வீண்.

இது ஏன் நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கபாலீஸ்வரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் சுமார் 120 அடி உயரம். பையில் அதற்குக் கொடுத்த உயரம் 4 செ.மீ. நம் கையில் இரண்டு விரல் அகலம்தான். அந்தக் கணக்கில் கோபுரத்தில் உள்ள 4 அடிச் சிற்பம் பையில் 1.3 மி.மீ. வரும். ஒரு கடுகு அளவு! கடுகு அளவில் கை, கால், கிரீடம் எல்லாம் துணியில் எப்படி விழும்? மை பரவி ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். ஆனால் அந்தப் பெண் வேலை செய்த லேப்டாப் திரையில் கோபுரம் மேலிருந்து கீழ்வரை 19 செ.மீ. நின்றது. ஏறக்குறைய ஒரு சாண். திரையில் ஒரு சாண் இருந்தது, துணியில் இரண்டு விரல் ஆகிவிட்டது.

அடுத்து அவர்கள் செய்ததைத்தான் நாம் எல்லோரும் பின்பற்ற வேண்டும். கோபுரத்தை 10 செ.மீ. உயரமாக்கினார்கள். சிற்பங்களை எடுத்துவிட்டு வெளிக்கோடும் நிலைகளின் கோடும் கலசமும் மட்டும் வைத்தார்கள். சாதாரண வெள்ளைத் தாளில் நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, தைத்த பையின் மேல் குண்டூசியால் குத்தினார்கள். பைக்குள் தேங்காய், வெற்றிலை, பழம் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். பை உப்பியதும் ஓரத்து எழுத்து பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அதனால் இரண்டு பக்கமும் 2 அங்குலம் காலியாக விட்டார்கள். பிறகு அந்தப் பையையே மயிலாப்பூருக்கு எடுத்துப்போனார்கள்.

"அம்மா, இதுதான் நிஜ சைஸ். பாத்துட்டு இந்தத் தாள்லயே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்கிய பிறகுதான் புது ஸ்கிரீனுக்குக் கொடுத்தார்கள். 300 பையும் முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஃபிலிம் எந்த அளவோ, அச்சும் அதே அளவு. ஸ்கிரீன் தயாரான பிறகு சுருக்கவோ விரிக்கவோ முடியாது. ஆகவே அளவைச் சரிபார்க்க வேண்டிய இடம் ஃபிலிமுக்கு முன்னால்தான். தாளுக்கு ஆகும் செலவு சில ரூபாய். தாளில் பார்க்காமல் விட்டால் ஆகும் செலவு மொத்த ஆர்டர்.

நம் முந்தானையில் இருக்கும் ஸ்கேல்கள்

எல்லா நேரமும் கையில் ஸ்கேல் இருக்காது. ஆனால் அளவு மாறாத சில பொருட்கள் எப்போதும் நம்மிடம் இருக்கின்றன.

- 500 ரூபாய் நோட்டு: 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம். (2016-க்குப் பின் வந்த நோட்டு)
- ஏ.டி.எம். கார்டு: 8.56 செ.மீ. நீளம், 5.4 செ.மீ. அகலம். எந்த வங்கிக் கார்டானாலும் இதே அளவு.
- 10 ரூபாய் நாணயம்: குறுக்கே 2.7 செ.மீ.
- ஏ4 தாள்: 29.7 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம்.

இவற்றை வைத்துத் திரையையே ஸ்கேலாக மாற்றலாம். டிசைன் போடும் பக்கத்தில் 8.56 செ.மீ.க்கு 5.4 செ.மீ. என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். உங்கள் ஏ.டி.எம். கார்டைத் திரைமேல் பிடியுங்கள். கட்டமும் கார்டும் சரியாகப் பொருந்தும் வரை திரையைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ சொல்லுங்கள். பொருந்திய இடத்தில் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில், அந்த மென்பொருளில் அதுதான் நிஜ அளவு. கோரல்டிரா போன்ற மென்பொருளில் ரூலரைத் திரைக்கு ஏற்பச் சரிசெய்யும் வசதியே இருக்கிறது. சென்டர்காரரிடம் கேளுங்கள்.

பிரிண்ட் எடுக்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால் தாளுக்கு ஏற்றபடி பிரிண்டர் அளவை மாற்றிவிடும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று வைக்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி, பக்கத்தின் ஓரத்தில் 10 செ.மீ. நீளக் கோடு ஒன்று போட்டுவைப்பது. அச்சான பிறகு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கோடு சரியாக 10 செ.மீ. இருந்தால் மற்றதும் சரி. 9.5 வந்தால் எல்லாமே சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

எழுத்தை எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார்கள்?

எழுத்தின் அளவைக் கம்ப்யூட்டரில் 'பாயிண்ட்' என்று சொல்வார்கள். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். ஆனால் 72 பாயிண்ட் எழுத்தை அச்சிட்டால் 'க', 'ப' போன்ற எழுத்துகள் ஓர் அங்குல உயரம் வராது, அதைவிடச் சிறியதாகவே இருக்கும். தமிழில் ஒரு ஃபான்ட்டுக்கும் இன்னொரு ஃபான்ட்டுக்கும் வித்தியாசமும் அதிகம். ஆகவே பாயிண்டைக் கேட்டு முடிவு செய்யாமல், அச்சான எழுத்தை ஸ்கேலில் அளந்து முடிவு செய்யுங்கள்.

எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதை அதைப் படிப்பவர் நிற்கும் இடம்தான் தீர்மானிக்கும். பலகை எழுதுபவர்களிடம் ஒரு பொதுக் கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து. கண்காட்சியில் 30 அடிக்கு அப்பால் வருபவருக்கு நம் ஸ்டால் பெயர் தெரிய வேண்டுமென்றால் 3 அங்குல எழுத்து வேண்டும். தி.நகர் ரங்கநாதன் தெருவின் நெரிசலில் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். அடுத்தவர் கையில் ஆடும் பையை 5 அடி தூரத்திலிருந்து ஒரு கணம் பார்ப்பார்கள். அந்த ஒரு கணத்தில் குழுப் பெயரோ பொருளின் பெயரோ கண்ணில் பட வேண்டும். அரை அங்குலத்துக்குக் குறையாமல் வையுங்கள். முகவரி, போன் நம்பர் கையில் வைத்துப் படிப்பது. அது சிறியதாக இருக்கலாம்.

ஊறுகாய், பொடி செய்யும் குழுக்களுக்கு

லேபிளில் அளவு என்பது சட்டமும் கூட. சைவ உணவுக்குப் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் போடுகிறோம் இல்லையா? அதற்குக் குறைந்தபட்ச அளவு இருக்கிறது. பாக்கெட்டின் முகப்புப் பகுதி 100 சதுர செ.மீ. வரை இருந்தால் வட்டத்தின் குறுக்களவு 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 100-க்கு மேல் 500 வரை 4 மி.மீ. சுற்றியுள்ள சதுரத்தின் பக்கம் வட்டத்தைப் போல் இரண்டு மடங்கு.

எடுத்துக்காட்டாக முகப்பு 8 செ.மீ.க்கு 10 செ.மீ. என்றால் 80 சதுர செ.மீ. வட்டம் 3 மி.மீ., சதுரம் 6 மி.மீ. முகப்பு 10-க்கு 12 என்றால் 120 சதுர செ.மீ. வட்டம் 4 மி.மீ., சதுரம் 8 மி.மீ. திரையில் இந்த வட்டம் எலுமிச்சம்பழம் அளவு தெரியலாம். அச்சில் 2 மி.மீ. வந்தால் சட்டப்படி அது போதாது. எடை எண்ணுக்கும் இப்படி மில்லிமீட்டரில் குறைந்தபட்ச உயரம் உண்டு. பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011 இதைச் சொல்கின்றன. ஆயிரக்கணக்கில் லேபிள் அடிக்கும் முன்னால் நிஜ அளவு நகல் ஒன்றை உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும், எடையளவு பார்க்கும் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணோடு அலகையும் எழுதுங்கள்

"பை 12-க்கு 15" என்று ஆர்டர் வரும். 12 என்ன? அங்குலமா, செ.மீ.யா? அங்குலம் என்றால் காய்கறிப் பை. செ.மீ. என்றால் குங்குமச் சிமிழ் போடும் பை! ஓர் அங்குலம் 2.54 செ.மீ. இந்த இரண்டையும் குழப்பினால் பொருள் இரண்டரை மடங்கு மாறிப்போகும்.

இது படிக்காதவர்கள் செய்யும் தவறு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நாசா செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற விண்கலம் 1999-ல் அங்கே போய்ச் சேர்ந்த நேரத்தில் காணாமல் போனது. விசாரித்ததில், ஒரு குழு ஆங்கிலேய அளவு முறையில் கொடுத்த எண்களை இன்னொரு குழு மெட்ரிக் அளவு என்று எடுத்துக்கொண்டது தெரியவந்தது. அவ்வளவு பெரிய விஞ்ஞானிகளுக்கே அலகு தவறினால் கலம் போகிறது. நமக்கு ஓர் ஆர்டர் போகும்.

படம் உடைந்து வருவது ஏன்?

புள்ளிக் கோலத்தில் இடைவெளியை மிகவும் அகலப்படுத்தினால் கோலம் வெளுத்துத் தெரியும். படத்துக்கும் அப்படித்தான். கையில் வைத்துப் பார்க்கும் லேபிளுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளி இருந்தால் தெளிவாக வரும். குறுக்கே 600 புள்ளி உள்ள போட்டோவை 2 அங்குலத்தில் அச்சிட்டால் நன்றாக வரும். அதையே 12 அங்குலப் பையில் இழுத்தால் அங்குலத்துக்கு 50 புள்ளிதான். படம் கட்டம் கட்டமாக உடையும்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிப் புள்ளிகள் குறையும். ஸ்கிரீன்ஷாட்டில் எத்தனை செ.மீ. என்ற அளவே இருக்காது. ஆகவே டிசைனை பி.டி.எஃப். ஆக்கி, 'டாகுமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அளவு அப்படியே போய்ச் சேரும்.

வாங்குபவரும் திரையில்தான் பார்க்கிறார்

நாம் ஏமாறுவது போல வாங்குபவரும் ஏமாறுவார். அடையாறில் இருக்கும் ஒருவர் நம் ஓலைப் பெட்டியின் போட்டோவைப் போனில் பார்த்து, அரிசி போட்டு வைக்கலாம் என்று ஆர்டர் செய்வார். கையில் வந்தால் ஏலக்காய் போடும் பெட்டி. "ஏமாத்திட்டாங்க" என்று சொல்வார். நாம் ஏமாற்றவில்லை, ஆனால் பெயர் கெட்டுவிடும். போட்டோ எடுக்கும்போது பெட்டியை ஒருவர் கையில் பிடித்திருப்பது போல ஒரு படமும் எடுங்கள். கீழே நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் எழுதுங்கள்.

ஆர்டர் எடுக்கும்போது செய்ய வேண்டியவை

1. பொருளின் நீளம், அகலம், உயரத்தை அலகோடு நோட்டில் எழுத வேண்டும்.
2. படமும் எழுத்தும் எத்தனை செ.மீ. என்று தனியாக எழுத வேண்டும். "பெருசா", "சின்னதா" என்று எழுதக் கூடாது.
3. 10 செ.மீ. சோதனைக் கோட்டோடு நிஜ அளவில் தாளில் பிரிண்ட் எடுத்து அளந்து பார்க்க வேண்டும்.
4. தாளை வெட்டிப் பொருளின் மேல் வைத்து, பொருளை நிரப்பி, வாங்குபவர் நிற்கும் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். குழுவில் கண்ணாடி போட்ட ஒருவரையும் படிக்கச் சொல்ல வேண்டும்.
5. ஆர்டர் கொடுத்தவரிடம் அந்தத் தாளிலேயே கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். போனில் வந்த "ஓகே" போதாது.
6. அதன் பிறகே ஃபிலிம், ஸ்கிரீன், லேபிள் அச்சு. முதலில் 5 மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மீதியைத் தொடர வேண்டும்.
7. கையெழுத்து வாங்கிய தாளை ஆர்டர் நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும். பின்னால் பேச்சு வந்தால் அதுதான் நமக்குச் சாட்சி.

அடுத்த குழுக் கூட்டத்தில்

பத்து நிமிடம் ஒதுக்கி இந்தப் பயிற்சியைச் செய்து பாருங்கள். யாராவது ஒருவர் போனில் ஒரு பையின் படத்தையோ லேபிளின் படத்தையோ காட்டட்டும். அதன் நிஜ நீளம், அகலத்தை அவர் மட்டும் ஒரு சீட்டில் எழுதி மறைத்து வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் ஒவ்வொருவரும் படத்தைப் பார்த்து, அது எவ்வளவு பெரியது என்று நினைக்கிறார்களோ அந்த அளவில் செய்தித்தாளை வெட்ட வேண்டும். பிறகு சீட்டைப் பிரித்து, எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி, ஸ்கேல் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே படத்துக்கு எத்தனை அளவு வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கலந்து பேச வேண்டிய கேள்விகள்:

- நம் குழு கடைசியாக எடுத்த ஆர்டரில் அளவு எழுதி வாங்கினோமா? யார் எழுதினார்கள்?
- அளவு தவறினால் நஷ்டம் யாருடையது என்று முன்கூட்டியே பேசியிருக்கிறோமா?
- நிஜ அளவுத் தாள் இல்லாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போடலாமா?

பேசி எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். குழுவின் பெட்டியில் சேமிப்பு நோட்டு, கடன் நோட்டோடு 30 செ.மீ. ஸ்கேல் ஒன்றையும் இன்றே வாங்கிப் போடுங்கள்.